வீட்டுக்கு ஒரு காவல் – 9: மூக்குக்குத் தெரியாத நஞ்சு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு அனுமந்தை என்றால் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். சாலையைவிட்டுக் கிழக்கே இறங்கினால் குப்பம், கடல். வடக்கே மரக்காணத்தை ஒட்டி உப்பளங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையை உலுக்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பவே நாட்கள் ஆயின.

அப்படிப்பட்ட நாட்களில் கடலோர ஊர்களில் கேட்கும் சத்தம் ஜெனரேட்டர் சத்தம். செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும், மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு ஃபேன் ஓட வேண்டும். மழையில் நனையக்கூடாது என்று ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைப்பார்கள். சாரல் அடிக்கிறதே என்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுப்பார்கள். இந்த வாரம் சொல்ல வந்தது அந்தச் சாத்திய அறையைப் பற்றித்தான்.

முன்பு இங்கே கீற்று வீடுகள். விறகடுப்புப் புகை கண்ணைக் கரித்தாலும் கூரை இடுக்கு வழியே வெளியேறிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் தளவீடுகள் வந்தன. இப்போது கண்ணாடி ஜன்னல், ஏ.சி. என்று வீடு இறுகிவிட்டது. புயலுக்கு நல்லது. ஆனால் உள்ளே எரிவதன் புகை உள்ளேயே தங்கும்.

பெட்ரோல், டீசல், கரி, விறகு, சமையல் கேஸ் எதுவானாலும் போதிய காற்றின்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். தூங்குகிறவருக்கு அந்த நினைப்புக்கும் வழியில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. விரலில் மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்த நஞ்சு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது.

2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் இருவர், பார்பிக்யூ அடுப்பின் கரி அணையாமல் அறைக்குள் இருக்கத் தூங்கி, காலையில் பிணமாகக் கிடந்தார்கள். வேறு அறையில் படுத்தவர்கள் பிழைத்தார்கள். 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கிய லாரா புயலில், அந்த மாநிலத்தில் அதிகம் பேரைக் கொன்றது கரண்ட் போன பிறகு ஓட்டிய ஜெனரேட்டரின் புகை. ஒரு சிறிய ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் கக்கும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடைக் கக்கும் என்கிறது அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க வைக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. எந்த அலாரமும் இதற்கு மாற்று ஆகாது. ஆனால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் நம் ஜன்னலுக்குக் கீழே ஓடினால்? அதற்குத்தான் அலாரம்.

கடையில் கேட்டால் பலர் எடுத்துக் கொடுப்பது ‘கேஸ் லீக் டிடெக்டர்’. அது சிலிண்டர் கசிவுக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். அதனால் அந்தக் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுவார்கள். கார்பன் மோனாக்சைடு அதற்குத் தெரியாது. பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று அச்சிட்டிருக்கிறதா, ஈ.என். 50291 அல்லது யூ.எல். 2034 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.என். தரப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்திலும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். இந்த வாயு காற்றோடு ஏறத்தாழ ஒரே எடை. எங்கும் கலந்து பரவும். எனவே படுக்கும் அறையில், தலைமாட்டு உயரத்தில் மாட்டலாம். திரைச்சீலைக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் வேண்டாம்.

அடுத்தது புகை அலாரம். 2024 ஜூன் 12 விடியற்காலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், 7 பேர் தமிழ்நாட்டவர், அவர்களில் ஒருவர் நம் விழுப்புரம் மாவட்டத்துக்காரர். பெரும்பாலோரைத் தீ தொடவே இல்லை. மேல்தளங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் புகை கொன்றது. மங்காஃப் செய்தியை ஊரே அழுது படித்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு அலாரம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?

வாங்கும்போது ஒளிச்சிதறல் வகையாகக் கேளுங்கள். மெத்தை, துணி போன்றவை கனன்று புகைவதை அதுதான் முன்கூட்டிப் பிடிக்கும். நம் வீடுகளில் கட்டிலுக்கடியில் கொசுவத்தி வைத்துப் பற்றுவது அப்படித்தான். மற்ற வகை, கொழுந்துவிட்டு எரியும் தீக்குச் சற்று விரைவு; ஆனால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும், எரிச்சலில் கழற்றி வைத்துவிடுவோம்.

கூரையின் நடுவில் மாட்டச் சொல்லும் கையேடுகளில் நம் வீட்டு நடுக்கூரை ஃபேனைப் பெரும்பாலும் யோசித்திருக்க மாட்டார்கள். ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து மூன்றடி தள்ளி மாட்டுங்கள். சமையலறையிலிருந்து பத்தடி விலகியிருக்கட்டும். பூஜை மாடத்துக்கு நேர் மேலே வேண்டாம், சாம்பிராணிப் புகைக்குக் கட்டாயம் அலறும். தகரமோ ஷீட்டோ போட்ட கூரை என்றால் கூரையில் மாட்டவே கூடாது. மே மாதத்தில் அதன் அடியில் கொதிக்கும் சூடு கருவி தாங்கும் எல்லையைத் தாண்டும். அந்தச் சூட்டுக்காற்றுப் படலம் புகையை மேலே வரவும் விடாது. சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே திருகுங்கள்.

உப்புக்காற்று ஒரு தனி வம்பு. இரும்புத் திருகு சீக்கிரம் துருப்பிடிக்கும், பேட்டரி முனை பச்சை பூக்கும். அதனால் உப்பளக் கரையில் இருப்பவர்கள் பத்தாண்டு பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய வகையை வாங்குவதே நல்லது, துருப்பிடிக்காத எஃகுத் திருகோடு. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விட்டுவிட்டு ஒற்றை ‘கீச்’ கேட்டால் பேட்டரி முடிகிறது என்று பொருள். புகை அலாரத்தின் ஆயுள் பத்தாண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு ஐந்து முதல் பத்து. பின்பக்கம் தேதி இருக்கும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் ஜெனரேட்டரை நிறுத்தப் போகாதீர்கள். குழந்தைகளோடு முதலில் வெளியே வாருங்கள். ஆள் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். யாருக்காவது தலை சுற்றினால் 108. தீ என்றால் 101.

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடு ஒவ்வொன்றிலும் புகை அலாரம் கட்டாயம். நம் நாட்டில் சாதாரண தனி வீட்டுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மரக்காணம் வட்டாரத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடைக்காரர்களுக்கும், புயல் பாதுகாப்பு மையங்களைத் திறந்துவிடும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் அக்டோபருக்கு முன், ஜெனரேட்டர் ஒவ்வொன்றோடும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.