கரை சேருமுன் எட்டிய விலை

1997 சனவரி 14 காலை. கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் மத்தி நிறைந்த படகுகளோடு மீனவர் 11 பேர் கொள்வார் இன்றி நின்றனர். அதே வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த வேறு கரைகளில் வணிகர் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பவிருந்தனர். பொருளியல் அறிஞர் இராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையைப் பதிவு செய்துள்ளது. சிறுதொழிலுக்குத் தகவல் தொழில்நுட்பத்தை எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்று எண்ணுவோர் அனைவரும் கற்க வேண்டிய ஆய்வு அது.

மத்தி கொழுப்பு மிக்க மீன். வெப்பத்தில் விரைந்து கெடும். அன்றைய சிறு படகுகளில் பனிக்கட்டியிட்டுக் காக்கும் வசதி இல்லை. கரைச்சந்தையோ விடியலில் கூடிச் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். எரிபொருட்செலவும் மிகுதி. எனவே ஒரு நாளில் ஒரு கரையைத்தான் நாட இயலும். அது எந்தக் கரை என்பதைக் கடலில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். விலை அறியாத படகுகள் வழக்கமான தம் கரைக்கே திரும்பின. பிடித்த மீனில் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணாயிற்று.

1997 தொடங்கி 2000-க்குள் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மாவட்டங்களில் அடுத்தடுத்துக் கைப்பேசிச் சேவை வந்தது. அது மீனவரை எண்ணி அமைத்த சேவை அன்று. நகரங்களுக்காக நிறுவிய கோபுரங்களுள் சில கடலோரத்தில் அமைந்தன, அவ்வளவே. எஞ்சியதை இயற்பியல் செய்தது. நிலத்தில் கட்டடமும் மரமும் குன்றும் வானலையை மறிக்கும். கடற்பரப்பில் புவியின் வளைவைத் தவிரப் பெருந்தடை இல்லை. 40 மீட்டர் உயரத்திலிருந்து நோக்கினால் தொடுவானம் ஏறத்தாழ 23 கிலோமீட்டரில் அமையும். வளிமண்டலம் வானலையைச் சற்றே வளைப்பதால் அதன் எல்லை இன்னும் சிறிது நீளும். மத்தி பிடிக்கும் நீர்ப்பரப்பின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிற்று.

அழைப்பவர் மட்டுமன்றி அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்திய காலம் அது. ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் படகுகளுள் பாதிக்கு மேற்பட்டவை கைப்பேசியைக் கைக்கொண்டன. கரைக்குக் கரை மிகவும் வேறுபட்டிருந்த விலைகள் ஒன்றையொன்று நெருங்கின. மீன் வீணாதல் ஏறக்குறைய நின்றது. மீனவரின் நிகர ஈட்டம் 8 விழுக்காடு உயர, மக்கள் வாங்கும் விலை 4 விழுக்காடு தாழ்ந்தது. ஒருவர் பெற்றதை மற்றவர் இழக்கவில்லை என்பதே என்னை மிகவும் கவர்கிறது. கெட்டுப்போகவிருந்த மீன் உணவாயிற்று, அந்தப் பயனை இரு தரப்பினரும் பகிர்ந்துகொண்டனர்.

சிறுதொழில் முனைவோர்க்கு உதவ முற்படுவோர் பயிற்சி வகுப்பையும் கணினியையும் முதலில் நினைக்கின்றனர். வடகேரளக் கரையில் எவரும் வகுப்பு நடத்தவில்லை. படகைத் திருப்பும் அந்தக் கணத்தில், திருப்பும் இடத்திலேயே செய்தி எட்டியது, அதுவே போதுமானதாயிற்று. ஆகவே, ஒரு தொழிலில் ஆதாயமும் இழப்பும் எந்த நேரத்தில், எந்த இடத்தில் முடிவாகின்றன என்று அறிவதே உதவுவோரின் முதற்பணி என்பேன். கருவியைத் தெரிவு செய்வது அதற்குப் பின்னரே.

இதில் ஒரு தடையும் உண்டு. தரகரிடம் முன்பணம் பெற்றுக் கடன்பட்ட படகு, அவர் சொல்லும் இடத்திலேயே மீனைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த கரையின் விலை தெரிந்தும் அதற்குப் பயனில்லை. தென்கேரளத்தில் இந்தப் பிணைப்பை அறுக்க மீனவர் ஊர்தோறும் சங்கம் கண்டனர். அச்சங்கங்கள் 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டமைப்பாக இணைந்தன. சங்கமே கரையில் மீனை ஏலமிடும். படகுக்கும் வலைக்கும் கடன் பெற வழிசெய்யும். விற்ற தொகையில் ஒரு சிறு பங்கைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்ளும். கைப்பேசி வருவதற்கு முன்பே தொடங்கிய இந்த ஏற்பாட்டையும் தொழில்நுட்ப உதவியின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.