வீடு சேர்க்கும் குரல்

பின்னல் கோலாட்டத்தை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். உச்சியில் கட்டிய கயிறுகளைப் பிடித்துச் சிறுமியர் வளைந்து வளைந்து ஆட, கயிறுகள் சடைபோல் பின்னிக்கொள்ளும். அதே அடிகளைத் திருப்பி ஆடினால் பின்னல் அவிழும்.

சில ஆண்டுகளுக்குமுன் திருவொற்றியூரில், பங்குத் திருவிழாவுக்காக எட்டுச் சிறுமியருக்கு இதைக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றோம். பாடி, அடி சொல்லி நடத்தியதும் நாமே. பின்னல் அழகாய் விழுந்தது, கூட்டம் கைதட்டியது. அந்தக் களிப்பில் பாட்டை விரைவாக்கினோம். கடைசியாகச் சேர்ந்த சிறுமி ஓரடி தவறினாள். கயிறுகள் சிக்கின, அவிழவேயில்லை. எல்லாரும் அவளையே குறை கூறினர். அவள் அழுதாள். நாமோ வாய் திறக்கவில்லை.

அந்த உறுத்தல் நீங்காதிருந்தபோதுதான் அமெரிக்கச் சதுர நடனத்தைப்பற்றிப் படிக்க நேர்ந்தது. நான்கு இணையர், சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்பர். அடுத்து என்ன ஆடவேண்டும் என்பதை அழைப்பாளர் ஒருவர் இசையோடு கூறிக்கொண்டே இருப்பார். ‘டோ-சி-டோ’ என்றால், எதிரில் நிற்பவரை முதுகுப்புறமாகச் சுற்றி வரவேண்டும். ‘முதுகுக்கு முதுகு’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது.

ஆங்கில நாட்டுப்புற நடனமும் பிரெஞ்சு நடனமும் கலந்து பிறந்த கலை இது. பழைய நடனங்களில் ஆடுவோர் வரிசையை மனப்பாடம் செய்யவேண்டும். அமெரிக்காவில் அச்சுமையை அழைப்பாளர் ஏற்றார். தொடக்ககால அழைப்பாளருள் கறுப்பின வயலின் கலைஞர் பலர். கொலராடோவில் பள்ளித் தலைவராயிருந்த லாயிட் ஷா, 1939-இல் நூல் எழுதியும், அழைப்பாளரைப் பயிற்றியும் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தார். 1974-இல் தம் முதல் மாநாட்டைக் கூட்டிய அழைப்பாளர் சங்கம் அழைப்புகளை ஒழுங்குபடுத்தியது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட ஆங்கில அழைப்புகளுக்கே ஆடுகின்றனர்.

அழைப்பாளராக விரும்புவோர் முதலில் ஆடிப் பழகவேண்டும். பின்னர் மேசைமேல் எட்டுப் பொம்மைகளை நகர்த்தி, யார் எங்கே சென்று சேர்வர் என்று கணக்கிடுவர். முந்தைய அடி முடியுமுன்னரே அடுத்த அழைப்பு காதில் விழவேண்டும்; முந்தினாலும் பிந்தினாலும் சதுரம் குலையும். எத்தனை முறை கலைத்தாலும், இறுதியில் ஒவ்வொருவரையும் தத்தம் துணையிடம், தொடங்கிய இடத்துக்கே சேர்ப்பதுதான் அவர் திறமை. அவ்விடத்துக்கு அவர்கள் இட்ட பெயரும் ‘வீடு’ என்பதே!

இதைப் படித்தபோது நம் பிழை விளங்கியது. நாம் பின்னலைப் பார்த்தோம். பின்தங்கிய பிள்ளையைப் பார்க்கவில்லை.

மறு ஆண்டு அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். “தவறு உன்னுடையதன்று அம்மா, எங்களுடையது” என்று பெற்றோர் முன்னிலையில் கூறி, மீண்டும் அழைத்தோம். தயங்கியே வந்தாள். இம்முறை நம் பாட்டு அவள் காலடிக்குக் காத்திருந்து நடந்தது. கைதட்டல் குறைவுதான், ஆனால் கயிறுகள் எட்டும் தனித்தனியே பிரிந்து நின்றன.

குடும்பத்தை நடத்தும் பெற்றோரே, நம் குரலைக் கேட்டு நடப்போருள் மெல்ல நடப்பவர் யார் என்பதை அறிவோமா?