கவராயம் போட்ட கணக்கும் கண் போட்ட கணக்கும்

ஒரு தாளில் 3 செ.மீ. பக்கமுள்ள சதுரம், 3 செ.மீ. விட்டமுள்ள வட்டம், 3 செ.மீ. உயரமுள்ள முக்கோணம் மூன்றையும் ஒரே கோட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். கறுப்பு மையால் நிரப்பி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். உயரம் ஒன்றேயாயினும் வட்டமும் முக்கோணமும் சதுரத்தைவிடக் குள்ளமாகத் தோன்றும். சதுரத்தின் உச்சி ஒரு முழுக்கோடு. மற்ற இரண்டின் உச்சியும் வெறும் புள்ளி. அப்புள்ளியை நம் கண் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

அச்செழுத்தை வடிவமைப்பவருக்கு இது பெரிய தொல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் (1878–1956) இதில் நன்றாகவே சிக்கிக்கொண்டார். அக்காலத்தில் அந்நாட்டு நூல்கள் பலவும் ஃபிராக்டுர் என்னும் முறிவுகளும் வளைவுகளும் நிறைந்த பழைய எழுத்தில் அச்சாகி வந்தன. புதிய காலத்துக்கு எளிய எழுத்து வேண்டும் என்று கருதிய ரென்னர், வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு ரோமன் எழுத்துகளை வரைந்தார். 1927-இல் பிராங்க்பர்ட்டிலுள்ள பாவர் எழுத்து வார்ப்பகம் அதை 'ஃபியூச்சுரா' என்ற பெயரில் வெளியிட்டது.

இவ்வெழுத்தின் முனைகளில் சிறு குறுக்குக் கோடுகள் கிடையா. சிறிய 'ஓ' ஒரு வட்டம்; அதன் அருகே ஒரு குச்சியை நிறுத்தினால் சிறிய 'ஏ'. 'டீ' ஒரு சிலுவை. 'ஜே'க்கு வால்கூட இல்லை! 'ஆர்' எழுத்தை முதலில் ஒரு குச்சியும் ஒரு புள்ளியுமாகவே வரைந்திருந்தார். அந்தத் துணிச்சல் நிலைக்கவில்லை; படிப்பவர் தடுமாறாத வழக்கமான வடிவமே நிலைத்தது.

கவராயமும் அளவுகோலும் போதுமே என்று தோன்றுகிறதல்லவா? அச்சிட்ட ஃபியூச்சுராவைப் பெரிதாக்கி அளந்து பாருங்கள். வட்ட எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிறிது பிதுங்கி நிற்கும். பெரிய 'ஏ'யின் கூர்முனை மற்ற எழுத்துகளின் உச்சியைத் தாண்டும். படுக்கைக் கோடு நிமிர்ந்த கோட்டைவிடச் சற்று மெல்லியது. இரண்டும் சமமானால் படுக்கைக் கோடே தடித்துத் தெரியும். வட்டம் குச்சியோடு சேரும் இடத்திலும் கோடு மெலிகிறது. இல்லாவிட்டால் அங்கே கறுப்புத் திட்டு விழுந்துவிடும். கண்ணுக்குச் சரியான வட்டமாகத் தெரிவதற்காகவே கணிதத்தை இப்படிக் கொஞ்சம் வளைத்திருக்கிறார்.

நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் ரென்னர் ஒரு சிறு நூல் எழுதினார். 1933-இல் அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார். மியூனிக் அச்சுப் பள்ளியின் தலைமைப் பதவியும் பறிபோனது. எழுத்து மட்டும் நாடு கடந்து பரவியது.

ஃபியூச்சுராவுக்குக் குறையும் உண்டு. பெரிய 'ஐ', சிறிய 'எல்' இரண்டும் வெறும் குச்சிகள், உயரத்தில்தான் வேறுபாடு. 'ஏ'யும் 'ஓ'வும் விரைந்து படிக்கையில் குழம்பும். ஆகவே தடித்த புத்தகத்துக்கு இது அவ்வளவாக ஏற்றதன்று. விளம்பரம், தலைப்பு, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டிலும் சில வரிகளே. அவை பெரிய எழுத்துகளில், ஃபியூச்சுராவிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. இறங்குகலத்தின் ஏணிக்காலில் அந்தத் தகடு இன்றும் அங்கேதான் இருக்கிறது.