தந்தையில்லாப் பிறப்புகள்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு போய்ச் சேர்ந்தால், அதற்கு அப்பால் இடுக்கிப் பக்கமெல்லாம் ஏலத்தோட்டங்கள்தான். நிழல் மரத்தடியில் நிற்கும் பழைய ஏலத்தட்டை ஒன்றின் காய்ந்து தளர்ந்த அடிப்பட்டையை மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே கடுகளவுகூட இல்லாத பழுப்புப் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கலாம். அதுதான் ஏல அசுவினி. இலையில் வெளிர்பச்சைக் கோடுகளாகத் தொடங்கும் கட்டே நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இதுவே. மருந்தில்லாத வைரஸ் நோய் அது. பிடித்த செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதுதான் வழி.

அந்தக் கூட்டத்தில் ஆணைக் காண்பது அரிது. அநேகமாக எல்லாமே பெண்கள். இணை சேராமலேயே அவை உயிருள்ள குட்டிகளை ஈனுகின்றன, பிறப்பதும் பெண்ணே. அந்தக் குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே, அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை கருக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. மகளையும் பேத்தியையும் ஒன்றாகச் சுமக்கும் வயிறு! 1740இல் ஜெனிவாவில் சார்ல் பொன்னே என்ற 20 வயது இளைஞர், பிறந்த கையோடு ஓர் அசுவினியைக் கண்ணாடிக் குடுவைக்குள் பிரித்து வைத்து, நாள்தோறும் உருப்பெருக்கியால் கவனித்தார். ஆண் வாடையே படாத அந்தப் பூச்சி 95 குட்டிகளை ஈன்றது.

இதே சரிவுகளில் ஏலப்பூ விரிந்திருப்பது ஒரு நாள் மட்டுமே. அதற்குள் தேனீ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காய் பிடிப்பது கடினம். தேனீயிடம் கதை தலைகீழ். ராணியின் கருவுற்ற முட்டையிலிருந்து பெண், கருவுறாத முட்டையிலிருந்து ஆண். பெண்ணுக்கு 32 குரோமோசோம்கள், ஆணுக்கு 16. ஆண் தேனீக்குத் தாத்தா உண்டு, அப்பா கிடையாது. இதை 1845இல் உலகுக்குச் சொன்னவர் சைலீசியாவைச் சேர்ந்த யோகான் ஜெர்சோன். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு.

இயற்கையைக் காட்டி இயேசுவின் கன்னிப் பிறப்பை விளக்குவது திருச்சபைக்குப் புதிதல்ல. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், பிணந்தின்னிக் கழுகுகள் இணை சேராமலே குஞ்சு பெறும் என்ற அக்கால நம்பிக்கையை மறையுரையில் எடுத்துக்காட்டி, கன்னி பெற்றதை மட்டும் நகைப்பானேன் என்ற பொருளில் கேட்டார். அன்று அது வெறும் கேள்விஞானம். ஆனால் 2021இல் சான் டியேகோ ஆய்வாளர்கள், பிணந்தின்னிப் பறவையான கலிபோர்னியா காண்டாரில், தந்தையின் மரபணு துளியும் இல்லாத 2 குஞ்சுகளை அடையாளம் கண்டார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்துப்போனது.

ஆனாலும் பசிலியாரின் வாதம் எனக்கு உவப்பானதில்லை. பாலூட்டிகளில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜில் அஜீம் சுரானி குழுவினர் தாய்வழி மரபணுக்களை மட்டும் இரட்டையாகச் சேர்த்து எலிக்கருக்களை உருவாக்கினார்கள். அவை பிறப்புவரை வளரவில்லை என்பதை 1984இல் அறிவித்தார்கள். சில மரபணுக்கள் தந்தையிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும். நஞ்சுக்கொடி ஒழுங்காக வளர அவை தேவை. அந்தத் தடையைத் தாண்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். தாயிடம் இல்லாத ஒய் குரோமோசோம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? மகள்தான் பிறப்பாள். மரியாள் பெற்றதோ மகனை.

தூய ஆவியின் வல்லமையால் ஒரே ஒருமுறை நடந்தது என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம். உலகில் இதெல்லாம் சகஜம் என்று அசுவினியைச் சாட்சிக்கு அழைத்தால், அந்த விசுவாசம் பலப்படாது, சிறுத்துத்தான் போகும். நற்செய்தி நூல்களும் அப்படி அழைக்கவில்லை. லூக்காவில் மரியாளே வானதூதரிடம் இது எப்படி நடக்கும் என்று கேட்கிறார். மத்தேயுவில், தமக்கு நிச்சயித்த பெண் கருவுற்றிருப்பதை அறிந்ததும் யோசேப்பு முதலில் எண்ணியது, ஊரறியாமல் அவரை விலக்கிவிடத்தான்.