யானை லத்தி சொல்லும் வரலாறு

காட்டு விலங்கைக் காப்பவர் என்றவுடன் வனக்காவலரே நம் நினைவுக்கு வருவார். சோதனைக் குழாய் ஏந்தியும் காட்டைக் காக்கலாம் என்பதற்கு நம் கோவை மாவட்டத்து யானைகளே சான்று.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடைவெளி சுமார் 40 கிலோமீட்டர்தான். இருபுறத்து யானைகளும் ஒரே வழியினவா? இதனை ஆராய்ந்தவர் டி.என்.சி. வித்யா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ராமன் சுகுமாரிடம் முனைவர் பட்டத்திற்காகச் செய்த ஆய்வு அது.

யானையைப் பிடித்து இரத்தம் எடுப்பது ஆகிற காரியமா? அவசியமும் இல்லை. புது லத்தியின் மேற்பரப்பில் குடற்சுவரின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாய்வழியை மட்டும் சொல்லும், உட்கருவின் டி.என்.ஏ. இரு பெற்றோரையும் சொல்லும்.

2005இல் வெளியான முடிவு வியப்பானது. உலகின் மிகப் பெரிய ஆசிய யானைத் தொகுதி நீலகிரி - கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழ்வது. அங்கே காணப்பட்ட தாய்வழி வகையோ ஒன்றே ஒன்று! தொகையில் சிறிய ஆனைமலை, பெரியாறு யானைகளிடம் மரபு வேறுபாடு கூடுதல். அவையிரண்டும் தமக்குள் ஒத்திருந்தன, நீலகிரியிலிருந்து மாறுபட்டன.

ஆகவே தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. மரபு வேறுபாடு சுருங்கிய தொகுதி, புதிய நோயை எதிர்கொள்வது பொதுவாகக் கடினம். அன்னூருக்கு வடமேற்கே சிறுமுகை, மேட்டுப்பாளையம் பக்கம் வாழைத் தோட்டத்தில் யானை இறங்கினால், "பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?" என்கிறோம். பயிர் இழந்தவரின் கேள்வி நியாயமானதே. ஆனால் எந்தக் காடு என்பதை மரபணுவையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வித்யா பின்னர் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஆசிரியரானார். 2009 முதல் கபினிக் காட்டில் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு, அவற்றின் கூட்டுவாழ்வை ஆராய்ந்தார். அவருடைய வழிகாட்டியான சுகுமாரோ சென்னையில் தாவரவியல் படித்தவர். இத்துறைக்கு வாசல் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இதைப் படிச்சா என்ன வேலை கண்ணு கிடைக்கும்?" என்று அப்பாரு அடிக்கடி கேட்கிறார். அவருக்கும், அதே கேள்வியுடன் இருக்கும் நண்பர்களுக்கும் சொல்வேன்: இளங்கலை முடித்ததும் ஜாம் தேர்வெழுதி மேற்படிப்பிலோ, ஒருங்கிணைந்த முனைவர் படிப்பிலோ சேரலாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாத உதவித்தொகையும் உண்டு. பாதை நீண்டதுதான். வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரையும் நாம், அப்பாதையில் முதலடி வைத்துவிட்டவர்களே அன்றோ!