இலை கேட்கும் வெளிச்சம்

1779ஆம் ஆண்டுக் கோடையில், ஆஸ்திரிய அரசவையின் மருத்துவராக இருந்த டச்சுக்காரர் யான் இங்கன்ஹவுஸ் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கி, பறித்த இலைகளைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குடுவைகளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பட்ட குடுவைகளில் இலைகளின் மேல் முத்து முத்தாகக் குமிழிகள் கட்டின. இருட்டில் வைத்தவற்றில் அது நடக்கவில்லை. வெயிலில் சூடும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது; இரண்டில் எது இந்த வேலையைச் செய்கிறது? அதையும் சோதித்துப் பார்த்து, சூடு அல்ல, வெளிச்சமே என்று முடிவு சொன்னார். குமிழிகளில் சேர்ந்த காற்றில் மெழுகுவர்த்தி பளிச்சென்று எரிந்தது.

நம் பள்ளிக்கூட ஆய்வகங்களில் புனலுக்கு அடியில் ஹைட்ரில்லாக் கொடியை வைத்து, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்துக் காட்டுவது இதே அதிசயத்தைத்தான். வீட்டில் மீன்தொட்டிக்குள் நீர்ச்செடி வளர்க்கும் செடித்தொட்டிக்காரர்கள் மாலை நேரத்தில் கண்ணாடியோடு முகம் ஒட்டி உட்கார்ந்திருப்பதும் இதற்காகத்தான். விளக்கு எரிய ஆரம்பித்துச் சில மணி நேரம் கழித்து, தண்ணீர் தாங்கும் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்து முடிந்ததும், மிச்சம் இலை நுனியில் மணியாகத் திரண்டு, சரம் சரமாக மேலே ஏறும்.

அந்தக் குமிழி எதிலிருந்து வந்தது என்பது வெகுகாலம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது. கரியமில வாயுவை உடைத்துத்தான் இலை ஆக்சிஜனை விடுகிறது என்றே பலர் நம்பியிருந்தார்கள். 1941இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும், எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களால் அடையாளம் இட்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த ஆக்சிஜனில் அந்த அடையாளம் இருந்தது. இலை உடைப்பது தண்ணீரை! ஆய்வகத்தில் தண்ணீரை உடைக்க மின்சாரம் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. இலையோ, நான்கு மாங்கனீசு அணுவும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த நுண்ணிய முடிச்சு ஒன்றை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், அறையின் சாதாரண வெப்பத்திலேயே அதைச் செய்து முடிக்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்கக் குறைந்தது எட்டு ஒளித்துகள்கள் வேண்டும். தலையில் இருக்கும் முடியை எண்ணிவைத்திருக்கிறான் என்று இறைவனைச் சொல்வார்கள். இந்த எட்டையும் எண்ணித்தான் வைத்திருக்கிறான்.

வெளிச்சத்தைப் பிடிக்கும் பச்சையத்தின் அமைப்பையும் பார்க்கலாம். ஒரு வளையம், நடுவில் ஒரே ஒரு மக்னீசிய அணு. ஏறத்தாழ அதே வடிவ வளையம் நம் ரத்தத்திலும் இருக்கிறது, நடுவில் இரும்பு அணுவோடு. இலை விடும் ஆக்சிஜனை நம் உடம்பெங்கும் சுமந்து செல்வது அந்த இரும்புதான். தொட்டிக்குள் இருக்கும் செடியும் வெளியே நின்று பார்க்கிறவனும் ஒரே பட்டறையில் வார்த்த உருப்படிகள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, இந்தப் பச்சையம் எந்த வெளிச்சத்தைக் கேட்கிறது? இதைச் செடியிடமே கேட்டறிந்தவர் ஜெர்மானியரான தியோடர் எங்கல்மான். 1882இல் அவர் செய்த சோதனையைப் போல் எளிமையும் அழகும் சேர்ந்த இன்னொன்றைச் சொல்வது கடினம். நுண்ணோக்கியின் கீழ் ஒரு பச்சைப் பாசி இழையைக் கிடத்தினார். பட்டகத்தால் பிரித்த சின்னஞ்சிறு வானவில்லை அந்த இழையின் நெடுகிலும் படியவிட்டார். இழையின் ஒரு பகுதி சிவப்பில், ஒரு பகுதி பச்சையில், ஒரு பகுதி நீலத்தில். சுற்றியிருந்த தண்ணீரில் ஆக்சிஜனைத் தேடி நீந்தும் பாக்டீரியாக்களை விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் போய் மொய்த்தன. பச்சை விழுந்த நடுப்பகுதியில் கூட்டம் குறைவு. எந்த நிறத்தில் இழை அதிகமாக ஆக்சிஜன் விடுகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே வரிசையில் நின்று காட்டிக்கொடுத்தன.

இப்போது, தொட்டிக்கு விளக்கு வாங்கப் போனால் கடைக்காரர் நீட்டும் பல்பின் அட்டைப்பெட்டியைப் பார்ப்போம். லூமென் என்று ஓர் எண் பெரிதாக அச்சிட்டிருக்கும். அது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அளவிலான பச்சையை. லூமென் கணக்கில் அந்த நிறத்துக்குத்தான் அதிக மதிப்பு. எங்கல்மானின் பாக்டீரியாக்கள் ஒதுங்கி நின்ற இடமும் ஏறக்குறைய அதே. வாட் என்பதோ பல்பு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று மட்டும் சொல்லும். ஆகவே பெட்டியில் இருப்பது நம் கண்ணின் கணக்கும் நம் மின்கட்டணத்தின் கணக்கும்தான். இலையின் கணக்கு அதில் இல்லை.

இதைக் கேள்விப்பட்டதும் சிலர் நேராக ஊதாவும் ரோஸுமாக எரியும் செடிவிளக்கை வாங்கிவந்து விடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பச்சை ஒளியையும் இலை முழுவதுமாகத் தள்ளிவிடுவதில்லை. அதில் ஒரு நல்ல பங்கை உள்ளே இழுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. படைத்தவன் வைத்த விளக்கில் எல்லா நிறமும் இருக்கும்போது, இலையை அவன் அதற்கு ஏற்றபடி அமைக்காமல் விட்டிருப்பானா? ஊதா விளக்கின் கீழே மீனின் நிறமும் கெட்டு, செடியின் நிறமும் கெட்டு, கூடமே சாயப்பட்டறை வெளிச்சத்தில் நிற்கும். நல்ல வெள்ளை விளக்கு போதும்.

வெள்ளை விளக்குகளின் வரலாறு சுருக்கமானது. பழைய குண்டு பல்பு தான் குடித்த மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே கொட்டியது. சூடு அல்ல என்று இங்கன்ஹவுஸ் அன்றே சொல்லிவிட்டார். அடுத்து வந்த டியூப்லைட்டில் பாதரச ஆவி புறஊதாக் கதிரை விட, குழாயின் உட்பூச்சு அதை வெள்ளையாக மாற்றியது. பல ஆண்டுகள் செடித்தொட்டிகளை வளர்த்தது அதுதான். இன்றைய எல்இடியின் நெஞ்சில் இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. அதன் ஒரு பகுதியை மஞ்சள் பூச்சு மற்ற நிறங்களாக்கித் தருகிறது. பச்சையம் விரும்பும் நீலமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த நீல எல்இடிக்காக 2014இல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. செடித்தொட்டிக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது இன்னொரு அமானோவை: நீகாட்டாவைச் சேர்ந்த டகாஷி அமானோ. 2015இல் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளமுள்ள ஒரு நீர்க்காட்டை அமைத்துவிட்டுப் போனவர்.

வெள்ளையின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது: 6500 என்றால் நடுப்பகல் வெள்ளை, 2700 என்றால் மஞ்சள். செடி இரண்டிலும் வளரும். மஞ்சளில் தண்ணீர் தேநீர் போலத் தெரியும் என்பதால் நமக்கு 6500 பிடிக்கிறது. நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ எண் 90க்கு மேல் கிடைத்தால் சிவப்புச் செடிகளின் நிறம் உண்மையாகத் தெரியும். கூடுதல் விலை அதற்குக் கொடுக்கலாம்.

தண்ணீரும் இந்த ஏற்பாட்டில் கூட்டாளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைத் தண்ணீர் முதல் சில சென்டிமீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கும் இலைக்கும் வேண்டிய அந்தக் குறுகிய பட்டைக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதிலும் சிவப்பைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்: ஓரடி ஆழத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நீலம் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கீழே இறங்கும். வீட்டுத் தொட்டியின் ஆழத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் சிவப்பு அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும்.

எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்விக்குப் பதில் பல்புக் கடையில் இல்லை. செடி எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. சென்னைக் கொளத்தூரின் மீன்தொட்டிக் கடைகளில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வெந்தியின் தாய்வீடு இலங்கை. காட்டு மரங்கள் கவிந்த ஓடைகளில், இலைகளுக்கு இடையே சிதறி விழும் ஒளியைக் கொண்டு வாழக் கற்றது அது. மேற்கு ஆப்பிரிக்க ஆற்றோரத்து அனுபியாஸும் நிழல்வாசிதான். பலத்த விளக்கின் கீழ் வைத்தால் அது அவசரப்பட்டு வளராது, அதன் இலைமேல் கரும்பாசிதான் வளரும். தென்மேற்கு இந்தியாவின் ரொட்டாலா மாக்ராண்ட்ரா நேர் எதிர். நல்ல வெளிச்சம் இருந்தால் மட்டும் செக்கச் சிவந்து நிற்கும். மங்கினால் நிறம் வெளுத்து, கணுக்கணுவாக நீண்டு, மேலே வெளிச்சத்தை எட்டிப் பார்க்கும்.

அப்படியும் நாம் தவறினால் இலை தன்னால் முடிந்ததைச் சரிசெய்துகொள்கிறது. செல்லுக்குள் பச்சையத்தைச் சுமந்திருக்கும் பசுங்கணிகங்கள் நிலையாக ஒட்டிவைத்தவை அல்ல. மங்கிய ஒளியில் அவை பரவி நின்று முழு முகத்தையும் காட்டி வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். ஒளி கடுமையானால் செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்கி, ஒன்றன் நிழலில் ஒன்று ஒளிந்துகொள்ளும். ஹைட்ரில்லா இலையின் தடிமன் இரண்டே இரண்டு செல்கள். நிலத்துச் செடிகளின் மேல்தோலில் பெரும்பாலும் பச்சையம் இருக்காது. நீர்ச்செடியிலோ வெளித்தோலிலேயே அது நிறைந்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் ஒரு துளி ஒளியும் வீணாகக் கூடாது என்று யோசித்து நெய்தது போன்ற இலை.

பலரும் இடறுவது ஒரே இடத்தில். வெளிச்சத்தோடு செடிக்கு வேண்டிய கரியமில வாயு தண்ணீரில் நகரும் வேகம் காற்றில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. கரியமில வாயு (சிஓ2) சிலிண்டர் வைக்காத தொட்டியில் விளக்கை மட்டும் கூட்டினால், உலை கொதிக்கிறது, போட அரிசி இல்லை என்ற கதைதான். செடி அப்படியே நிற்கும். மிஞ்சிய ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். பிறகு பாசியை ஒழிக்க மருந்து கேட்டுக் கடைக்கு ஓட வேண்டும். என் அனுமானத்தில், விற்கப்படும் பாசி மருந்துகளில் பாதி உண்மையில் விளக்கு மருந்து.

இருட்டும் படைப்பின் பாதி. விளக்கு அணைந்த பின் செடி ஆக்சிஜன் தருவதில்லை. மீனைப் போல அதுவும் சுவாசித்து ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால்தான் செடி அடர்ந்த தொட்டியில் விடியும் முன்பு ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால் காற்று மோட்டாரை இரவில் ஓடவிடுங்கள். வெளிச்சத்தை இரவிலும் நீட்டுவது அதற்கு வழி அல்ல. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். டைமர் ஒன்று போட்டுவிட்டால் மறதிக்கும் இடமில்லை.

கணக்காகச் சொன்னால், எளிய செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென், நடுத்தரச் செடிகளுக்கு 20 முதல் 40, ரொட்டாலா போன்றவற்றுக்கு அதற்கும் மேல் என்பது செடித்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் வாய்பாடு. மனிதக் கண்ணின் அளவுதான், ஆனாலும் வெள்ளை விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 54 லிட்டர் பிடிக்கும். வீட்டில் எரியும் சாதாரண 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமென் தரும். கிரிப்டோகோரைனுக்கும் அனுபியாஸுக்கும் அந்த ஒரு பல்பு தாராளம். முதல் தொட்டி வைக்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். விலை உயர்ந்த விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னும் இரண்டு கட்டு செடி வாங்கி நடுங்கள்.