எஃப்4/80: மேக்ரோஃபேஜ்களைக் காட்டும் எதிர்ப்பொருள்

சுண்டெலியின் திசுக்களில் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்களை அடையாளம் காண ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் எதிர்ப்பொருள் எஃப்4/80. ஆக்ஸ்ஃபோர்டின் சர் வில்லியம் டன் நோயியல் பள்ளியில் ஜொனதன் ஆஸ்டினும் சயமன் கார்டனும் இதை உருவாக்கி 1981இல் வெளியிட்டார்கள். பெனிசிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியும் செயினும் பணியாற்றிய அதே இடம்தான் இது.

எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுசெல்லோடு இணைக்கும் ஹைப்ரிடோமா முறையே இதற்குக் கையாளப்பட்டது. சுண்டெலியின் வயிற்றறையிலிருந்து எடுத்து வளர்த்த மேக்ரோஃபேஜ்களைப் பெரிய எலி ஒன்றுக்குச் செலுத்தி, அதன் மண்ணீரல் செல்களைச் சுண்டெலியின் புற்றுசெல்களோடு இணைத்தார்கள். சுண்டெலிக்கே செலுத்தியிருந்தால் பயனிருக்காது. தன் சொந்தப் புரதத்தை அதன் உடல் அந்நியமாகக் கருதாது. எலியின் உடல் கருதியது. அப்படிக் கிடைத்த எதிர்ப்பொருள், மேக்ரோஃபேஜின் மேற்பரப்பிலுள்ள ஏறத்தாழ 160 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. செல்சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் புரதம் அது.

அதுவரை மேக்ரோஃபேஜை இனம் காண, அதன் வடிவத்தையோ, கரித்துகளை விழுங்கும் இயல்பையோதான் நம்ப வேண்டியிருந்தது. எஃப்4/80 வந்தபின், அது விழுங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டேவிட் ஹியூமும் கார்டனும் 1980களில் சுண்டெலியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இச்செல்கள் எங்கெங்கே குடியிருக்கின்றன என்று வரைந்து காட்டினார்கள். ஹியூ பெர்ரியுடன் சேர்ந்து 1985இல் அவர்கள் வெளியிட்ட மூளை ஆய்வு, மைக்ரோகிளியா செல்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற கருத்துக்கு வலுவூட்டியது.

திசுவில் இதைப் பயன்படுத்துவதில்தான் கவனம் அதிகம் தேவை. ஃபார்மலினில் பதப்படுத்தும்போது புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, எதிர்ப்பொருள் ஒட்ட வேண்டிய இடம் மறைந்துபோகிறது. அதனால் பாரஃபின் மெழுகில் பதித்துச் சீவிய மெல்லிய சீவலைப் பல ஆய்வகங்களில் முதலில் புரோட்டீனேஸ் கே நொதியில் சிறிது நேரம் வைக்கிறார்கள். நேரம் குறைந்தால் நிறம் ஏறாது; கூடினால் திசுவே சிதையும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு திசுவின் சொந்தப் பெராக்சிடேஸை அடக்கி, எஃப்4/80 இட்டு, இரவு முழுவதும் குளிரில் விடுவது வழக்கம். மறுநாள் இடும் இரண்டாம் எதிர்ப்பொருள் எலியின் எதிர்ப்பொருளை மட்டுமே பற்ற வேண்டும். எலிக்கும் சுண்டெலிக்கும் எதிர்ப்பொருள்கள் மிகவும் ஒத்தவை என்பதால், சுண்டெலிப் புரதங்களைப் பற்றும் பகுதியை முன்கூட்டியே நீக்கிய தயாரிப்பே வேண்டும். இதைத் தவறவிட்டால் ஸ்லைடு முழுக்கப் பழுப்பேறிவிடும். எல்லாம் சரியாக அமைந்தால், கல்லீரலில் நீல உட்கருக்களோடு அணிவகுத்த செல்வரிசைகளுக்கு இடையே, இரத்த நுண்குழல்களின் சுவரையொட்டிக் குஃபர் செல்கள் எனப்படும் கல்லீரல் மேக்ரோஃபேஜ்கள் பழுப்பு நிறத்தில், மெல்லிய கிளைகளோடு தெளிவாகத் தெரியும்.

நிறம் ஏறாத இடங்களையும் அறிந்து வைத்திருப்பது அவசியம். மண்ணீரலின் செங்கூழில் பளிச்சென்று தெரியும் எஃப்4/80, வெண்கூழில் அநேகமாக இல்லை. அங்கேயும் மேக்ரோஃபேஜ்கள் இருக்கின்றன. சிடி68 எதிர்ப்பொருள் அவற்றைக் காட்டுகிறது. நுரையீரல் காற்றறைகளின் மேக்ரோஃபேஜ்களில் இப்புரதம் குறைவு. மறுபுறம், மேக்ரோஃபேஜ் அல்லாத இயோசினோஃபில்களும் சுண்டெலியில் இதைத் தாங்குகின்றன. எனவே இந்த ஒரே எதிர்ப்பொருளை வைத்துக்கொண்டு மேக்ரோஃபேஜ்களை எண்ணி முடிவு சொல்வது துணிச்சலான காரியம்; இன்னொரு அடையாளத்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இப்புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் மேக்ரோஃபேஜ்கள் வழக்கம்போல் வளர்கின்றன. ஆனால் சில ஆன்டிஜென்களைப் பொறுத்துக்கொள்ளும் நோயெதிர்ப்புச் சகிப்பு அவற்றில் சரியாக உருவாவதில்லை என 2005இல் தெரியவந்தது. சோதனையில் ஏறிய நிறம் உண்மையானதா என்று சரிபார்க்கவும் இந்தச் சுண்டெலிகளின் திசு உதவுகிறது.

மனிதத் திசுவில் எஃப்4/80 பயன்படாது. மனிதரிடம் இதற்கு இணையான இஎம்ஆர்1 புரதம் மேக்ரோஃபேஜ்களில் அல்ல, இயோசினோஃபில்களில் காணப்படுகிறது. அதனால் மருத்துவமனை நோயியல் துறைகள் மேக்ரோஃபேஜ்களைக் காண சிடி68, சிடி163 எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன.